மண்டபம் ஏறிய மணி

வெண்பாறை நாட்டில் சுண்ணாம்பு சுடுவதுதான் பிழைப்பு. சூளை வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கியது. ஆபத்து என்று யாருக்குப் பட்டாலும் அதை அடிக்கலாம். அடித்தால் உள்ளே இருப்பவர்கள் போட்டது போட்டபடி வெளியே ஓடி வந்துவிட வேண்டும். பழைய மன்னர் காலத்துச் சட்டம் அது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

புது மன்னருக்குத் தொழிலாளர்கள்மேல் கொள்ளைப் பாசம். அவருக்குப் பாசம் பொங்கினால் கூடவே ஓர் ஆணையும் வரும். "உங்கள் உரிமையின் சின்னம் புகையில் கறுக்கலாமா?" என்று உருகினார் தொழிலாளர் நல அமைச்சர் திருவுடையார். மணி குன்றின்மேல் மண்டபம் ஏறியது. கண்டவர்கள் இழுத்துத் தேய்க்காதிருக்கக் கயிறு அரண்மனைக்குப் போனது. ஆண்டுதோறும் உரிமைத் திருநாளில் அமைச்சர் மட்டும் அடித்தார். அந்த ஒலி கேட்டதும் எல்லாரும் நின்ற இடத்திலேயே தலைகுனிந்து மரியாதை செய்ய வேண்டும், அசைந்தவருக்கு மறுநாள் வேலை இல்லை என்றும் ஆணை வந்தது. சனங்கள் நன்றாகவே பழகிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம், கல் சுமக்கும் பவுனாத்தாள் மேற்பார்வையாளரிடம் ஓடினாள். அவள் கணவன் கருமலையான் சூளைக்குள் இருந்தான்.

"ஏனுங்க, செவுரு பொடச்சுக்கிட்டு நிக்குதுங்க. மணி அடிக்கோணும்."

"அது அமைச்சர் அடிக்கிற மணி, அம்மா. மனுக் கொடு, பார்க்கலாம்."

அவள் காத்திருக்கவில்லை. குன்றேறி, கிடந்த கல்லை எடுத்து மணியில் ஓங்கி அடித்தாள். நாடு முழுக்கக் கேட்டது. கீழே பார்த்தாள். சூளை வாசலில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. எல்லாரும் உள்ளேயே மரியாதையாக நின்றிருந்தார்கள்.

"ஓடியாங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். அவள் பாதி வழி வருவதற்குள் சுவர் சரிந்தது.

சாயங்காலம் அமைச்சர் வந்தார். ஊரே கூடிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. "மணி கேட்டு ஒருவர்கூட அசையவில்லை. சட்டத்தை இப்படி மதிக்கும் குடிகள் வேறெங்கு உண்டு?" என்று கண்ணைத் துடைத்தார். அஞ்சலியாக மணியை அடிக்கச் சொன்னார்.

மணி ஒலித்தது. அத்தனை கைகளும் கல்லை விட்டன. தலைகள் குனிந்தன.

ஒலி ஓய்ந்த அமைதியில், இடிபாட்டுக்கு அடியிலிருந்து யாரோ தட்டும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பவுனாத்தாள் மட்டும் தோண்டிக்கொண்டிருந்தாள். காவலர்கள் அவளை நோக்கி நடந்தார்கள்.