அவசர எண்ணுக்கு ஓர் அழுகை

மனித குலம் வளர்த்த கலைகளில் தலையாயது, தொலைபேசியில் பொய்யாக அழுவது. பாட்டுக்குச் சுருதி வேண்டும், நாட்டியத்துக்கு மேடை வேண்டும். இதற்கு ஓர் அவசர எண் போதும். அதுவும் இலவசம்.

இக்கலையில் கரைகண்டவர் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் தபால் எழுத்தர். அங்கே அவருக்குப் பட்டம் 'குரலரசு'. வீட்டில் அவர் பேச்சுக்கு மனைவி காதே கொடுப்பதில்லை. அலுவலகத்திலோ, சாப்பாட்டு இடைவேளையில் கண்காணிப்பாளர் உட்படப் பதினொரு பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

"அண்ணே, இன்னிக்கு ஒண்ணு எடுத்து விடுங்க!" என்று தூண்டிவிடுபவர் எப்போதும் கோப்பறைக்காரர்தான்.

அன்று குரலரசு இளம் தாயானார். "ஐயோ, கைக்குழந்தை மூச்சு விடமாட்டேங்குது! பழைய மில்லுக்குப் பின்னாடி, நீலக் கதவு வீடு! ஓடி வாங்க!"

"அழாதீங்கம்மா. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு."

கோப்பறைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பு அடங்காமலே போய் ஏணியில் ஏறினார். பத்தாவது நிமிடம் மேல்படியிலிருந்து தலைகுப்புற விழுந்தார். காதில் ரத்தம்.

குரலரசுவே அதே எண்ணை அழைத்தார். இம்முறை சொந்தக் குரல்.

"அவரை அசைக்காதீங்க சார். பக்கத்து வண்டி வேற அவசரத்துக்குப் போயிருக்கு. அடுத்தது வர நாப்பது நிமிஷம் ஆகும்."

"அது வந்து... அந்த அவசரம்..." என்று இழுத்தார் குரலரசு. சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். "சரிங்க" என்று வைத்துவிட்டார். கலைஞன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளலாமா?

கோப்பறைக்காரர் பிழைத்தார். பேச்சு மட்டும் போயிற்று.

அலுவலகம் சும்மா விடுமா? ஆம்புலன்சின் 'மெத்தனப் போக்கை'க் கண்டிக்கக் கூட்டம் போட்டது. விளக்கம் கேட்டு அழைக்கப்பட்ட ஓட்டுநர், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றுகொண்டே பேசினார்.

"அந்நேரம் நாங்க மில்லுக்குப் பின்னாடி இருந்தோம் சார். இருந்த நீலக் கதவையெல்லாம் தட்டிட்டோம். அந்தம்மா கிடைக்கல. கைக்குழந்தைன்னு சொன்னதால விட்டுட்டு வர மனசு வரல, அரை மணி நேரம் தேடினோம். இப்பவும் அந்தப் பக்கம் போனா விசாரிச்சுட்டுதான் வர்றேன். உங்க யாருக்காவது தெரியுமா சார், அந்தக் குழந்தைக்கு என்னாச்சுன்னு?"

எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். குரலரசு வாயைத் திறந்தார். வைத்திருந்த நூறு குரலில் ஒன்றுகூட வரவில்லை.

கண்காணிப்பாளர் கனைத்துக்கொண்டு எழுதினார்: 'ஓட்டுநரின் விளக்கம் திருப்தியளிக்கவில்லை. கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

முதல் கையெழுத்து குரலரசுவுடையது. அதில் போலி எதுவும் இல்லை.