சாவியைத் தின்ற முதலை

"சாவிய முதலை தின்னுருச்சு" என்றான் ஹரீஷ்.

எல்.கே.ஜி. டீச்சர் ரிஹானா மணியைப் பார்த்தாள். ஒன்பதேகால். எதிரே, பள்ளிக்கூடத்தின் பின்பக்க மண்வெளியில், வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீனாட்சிசுந்தரம் நின்றிருந்தார். ஹரீஷுக்குப் பக்கத்தில் விரல் சூப்பிக்கொண்டிருந்த நித்யஸ்ரீயின் தாத்தா. அவர்கள் வீட்டுப் பேச்சில், ஐயா.

"முதலையா? தம்பி, நான் கேக்குறது சாவி. ஒரு சாண் நீளம், இரும்பு. அரியக்குடிப் பெரிய வீட்டுச் சாவி."

"அதான் முதலை" என்றான் ஹரீஷ். இந்தப் பெரியவர்களுக்கு எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அவன் குரலில்.

அந்தப் பெரிய வீட்டுக்கு முப்பத்திரண்டு பங்காளிகள். வருஷத்துக்கு ஒருநாள் முன்னோருக்குப் படைப்புப் போடக் கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். சாவி வருஷத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரர் கைதான் முதலில் கதவில் பட வேண்டும். வேறு யாராவது தொட்டால், 'என்ன, வீட்டையே எழுதி வாங்கிட்டியளோ?' என்று கிளம்பும் சண்டை அடுத்த படைப்பு வரைக்கும் ஓடும். அதனால் யாரும் தொடுவதில்லை. இந்த வருஷ முறை மீனாட்சிசுந்தரம். இன்றைக்குத்தான் படைப்பு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கதவைத் திறந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தவர் உட்பட அத்தனை பங்காளிகளும் வெயிலில் வாசலில் நிற்கிறார்கள்.

"நேத்துச் சாயங்காலம் பேத்தியையும் கூட்டிக்கிட்டுப் பெரிய வீட்டுக்குப் போயி, கூட்டித் தெளிச்சதப் பாத்து, நானே பூட்டி, மூணு தடவ இழுத்துப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து ஆணியில மாட்டுனேன். காலையில ஆணி இருக்கு, சாவி இல்ல. ஏன்? நீங்க பிள்ளையள்ட்ட பழைய சாமான் கொண்டாரச் சொன்னீகளாம்ல!"

ரிஹானாவால் மறுக்க முடியவில்லை. சொன்னாள்தான். 'வீட்டில் பயன்படாத பழைய பொருள்களைக் கொடுத்தனுப்பவும். குழந்தைகள் அவற்றை வைத்து விளையாடிக் கற்பார்கள்' என்று போன வாரம் சுற்றறிக்கை போனது. காரைக்குடியில் பழைய பொருளுக்கா பஞ்சம்? கைப்பிடி போன எனாமல் சட்டி, பல்லாங்குழிப் பலகை, ஓட்டை ஸ்பீக்கர், தேர்ச்சக்கரம் போல ஒரு சக்கரம் என்று வேன் வேனாக வந்து இறங்கிற்று. இன்று காலை அதில் ஒரு சாவியும் சேர்ந்திருக்கிறது.

மீனாட்சிசுந்தரத்தின் கைபேசி அலறியது. அவர் பேசாத நேரத்தில் அது அலறும், அலறாத நேரத்தில் அவர் பேசுவார். "வந்துட்டேன் அண்ணே, வந்துட்டேன்! இந்தா, கெளம்பிட்டேன்!" என்று மண்ணில் நின்றபடியே கிளம்பினார்.

"நித்யாம்மா, சாவிய எங்க வச்ச தங்கம்?" என்று ரிஹானா குனிந்தாள்.

"கரண்டி இல்லன்னு முஸ்கான் கேட்டா. குடுத்தேன்."

முஸ்கான் மண்வெளியின் மூலையில் 'முஸ்கான் மெஸ்' நடத்திவந்தாள். மூன்று கல் அடுப்பு, எட்டுச் சட்டி, சட்டிக்குச் சட்டி சேற்றுக் குழம்பு. "அது நல்ல கரண்டி இல்ல மிஸ். ஹரீஷு முதலைக்கு வேணும்னு கேட்டான். வித்துட்டேன்" என்றாள்.

"முதலை எங்க?"

"தூங்குது" என்றான் ஹரீஷ். "எழுப்புனா கடிக்கும்."

மீனாட்சிசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. "கடிக்கட்டும்!" என்று பாய்ந்து, மெஸ்ஸின் மிகப் பெரிய சட்டியைக் கவிழ்த்தார்.

சட்டியில் சாவி இல்லை. காலையிலிருந்து கொதித்த குழம்புதான் இருந்தது. முஸ்கான் ஒரு கணம் தரையைப் பார்த்தாள், ஒரு கணம் அவரைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள். அந்த அழுகை சும்மா விடுமா? மற்றப் பதின்மூன்று பிள்ளைகளும் கூடச் சேர்ந்துகொண்டன.

அந்தச் சத்தத்துக்குத் தாளாளர் தண்டாயுதபாணி வந்துவிட்டார்.

இவருக்குத்தான் ரிஹானா பயந்தாள். இந்த மண்வெளியை அவள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள், அதுவும் ஒரு பருவத்துக்கு மட்டும். போன வருஷம் இதே வகுப்பில் தினமும் காலையில் பிள்ளைகளை வேனிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நாலு கோடு நோட்டைக் கண்டாலே ஒன்றிரண்டு வாந்தி எடுக்கும். இந்த வருஷம் ஒரு பிள்ளையும் அழுதுகொண்டு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகத்தான் அழுகின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்துபோகும். ஆனால் தாளாளர் மண்வெளியைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே சிமெண்ட் கல்தான் தெரிந்தது. கல் பதிக்கிற ஆள் வந்து அளவுகூட எடுத்துப் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் தாளாளர் நிதானமாகச் சொன்னார்: "பத்தரைக்குள்ள சாவி கிடைக்கல, திங்கக்கிழமை இங்குட்டு கல்லுப் பதிச்சாகும். நாலு கோடு நோட்டு ஸ்டாக்கு இருக்கு டீச்சர்."

"கெடைக்கும் சார். ஆனா பிள்ளைக சொல்லணும்னா நம்மளும் அவுக ஆட்டத்துக்குள்ள போகணும்."

"என்ன ஆட்டம்?"

ரிஹானா மீனாட்சிசுந்தரத்தைப் பார்த்தாள். "சார், மெஸ்ஸுல உக்காந்து ரெண்டு இட்லி கேளுங்க."

"என்னது!"

"பங்காளிக காத்துக்கிட்டு இருக்காக சார்."

அவர் உட்கார்ந்தார். முஸ்கான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூவரச இலை போட்டு இரண்டு சேற்று இட்லி வைத்தாள். அவர் பிட்டு, வாய் அருகே கொண்டுபோய், தோளுக்குப் பின்னால் எறிந்தார்.

"எறியுறாக!" என்று பிள்ளைகள் கத்தின. "நெசமா சாப்புடணும்!"

ஆயா சுபைதா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் முதுகு குலுங்கியது. மீனாட்சிசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு நெசமாகவே கொஞ்சம் நாக்கில் வைத்தார்.

"சட்னி?" என்றாள் முஸ்கான்.

"வேணாம்மா. வயிறு ரொம்பிருச்சு. முதலை எங்கத்தா தூங்குது?"

"ஆத்துல" என்றாள் அவள், மனம் இளகி.

ஆறு என்பது குழாயடியிலிருந்து வேப்பமரம் வரை பிள்ளைகள் தோண்டிய கால்வாய். முப்பதடி நீளம், முழுக்கச் சேறு. ஆளுக்கொரு பக்கம் கையை விட்டுத் துழாவினார்கள். ஒரு எனாமல் மூடி கிடைத்தது, ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது. மணி ஒன்பதே முக்கால்.

ரிஹானா பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தாள். பிள்ளைகளிடம் செய்யவே கூடாது என்று மற்ற டீச்சர்களுக்குத் தானே பாடம் எடுக்கிற காரியம். "சாவி கொண்டாரவுகளுக்கு ரெண்டு சாக்லேட்டு!"

பதினாலு பிள்ளைகளும் பறந்தன. ஆனால் ஆற்றுப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் ஓடின.

இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தன. பீரோ சாவிக் கொத்து, வேன் சாவி, சமையல்கட்டுச் சாவி, யாருடையதோ ஸ்கூட்டி சாவி, கடைசியாகப் பிள்ளையார் தொங்கும் வளையத்தோடு ஒரு கார் சாவி.

"ஐயோ, இதெல்லாம் இல்ல கண்ணுகளா, இது வேணாம்" என்றாள் ரிஹானா அவசரமாக. அதற்குள் மீனாட்சிசுந்தரம், "மலேசியா அண்ணன் மயங்கி உக்காந்துட்டாராம்!" என்று கத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

அவள் மறுபடி இங்குட்டுத் திரும்பியபோது பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றன.

"சாவியெல்லாம் எங்க?"

"நீங்கதான வேணாம்னீக. முதலைக்குப் போட்டோம்" என்றான் ஹரீஷ். "பசிக்குதுன்னுச்சு."

தாளாளர் தன் சட்டைப் பையைத் தடவினார், காற்சட்டைப் பையைத் தடவினார். "அந்தப் பிள்ளையார் வளையம்... அது என் காரு சாவியில்ல?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஆற்றில் இறங்கினார். "தள்ளிக்கங்க! தோண்டி எடுக்குறேன் பாருங்க!"

"சார், அங்குட்டு வேணாம் சார், பைப்பு..." என்று சுபைதா சொல்வதற்குள் மூன்றாவது வெட்டு விழுந்துவிட்டது.

தண்ணீர் தாளாளரின் நெஞ்சுயரத்துக்கு எழும்பியது. ஆறு கரை புரண்டு மெஸ்ஸுக்குள் புகுந்து வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"நெசமான ஆறு!" என்று பிள்ளைகள் குதித்தன. தாளாளர் வழுக்கி விழுந்தார். தூக்கப் போன மீனாட்சிசுந்தரமும் விழுந்தார். கைபேசியை மட்டும் ஒற்றைக் கையால் உயரப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன் அண்ணே!" என்றார்.

சுபைதா ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்தினாள். இப்போது முழங்கால் ஆழக் கலங்கல். அடியில் ஆறு சாவிகள். மணி பத்து. ரிஹானா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'யா அல்லாஹ், திங்கக்கிழமை கல்லு வந்துரும்' என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹரீஷ் அவள் தோளைத் தொட்டான். "மிஸ், எதுக்கு அழுவுறீக? மீனு புடிச்சா வந்துரும்ல?"

"மீனா?"

அவன் ஓட்டை ஸ்பீக்கர் இருந்த இடத்துக்கு ஓடினான். அதிலிருந்து பிடுங்கிய காந்தத்தில் கயிறு கட்டிப் போன வாரம் முழுவதும் சோடா மூடி பிடித்து விளையாடியிருந்தார்கள். கயிற்றைக் கொண்டுவந்து கலங்கலில் வீசினான். கயிறு விறைத்தது. இழுத்தான். பிள்ளையார் வளையம் மேலே வந்தது.

பிள்ளைகள் கைதட்டின. தாளாளர் சேற்றோடு எழுந்து பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அடுத்தது என் முறை" என்றாள் முஸ்கான். பீரோ கொத்து வந்தது. வேன் சாவி வந்தது, ஸ்கூட்டி சாவி வந்தது.

"தம்பி, எனக்கு ஒரு வாட்டி குடு" என்றார் தாளாளர்.

"வரிசையில நில்லுங்க" என்றான் ஹரீஷ்.

நின்றார்! நித்யஸ்ரீக்குப் பின்னால், மீனாட்சிசுந்தரத்துக்கு முன்னால் நின்றார். தன் முறை வந்ததும் சமையல்கட்டுச் சாவியைப் பிடித்துவிட்டு, "ஏய், மாட்டிருச்சு! மாட்டிருச்சு!" என்று அவர் போட்ட கூச்சல் மூன்றாவது வகுப்பு வரை கேட்டதாம். "இன்னொரு வாட்டி" என்று கேட்டதற்குப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

பத்து ஐந்துக்கு, கயிறு அறுந்துவிடும்போல இழுத்து, முதலை வந்தது. ஒரு சாண் நீளம், இரும்பு.

மீனாட்சிசுந்தரம் அதைப் பிடுங்கி வேட்டியில் துடைத்தார். வேட்டியில் இருந்த சேறு சாவிக்குப் போயிற்று. அரியக்குடிக்குப் பத்து நிமிஷம்; போய்விடலாம். ஆனால் நாக்கில் வைத்த இட்லி அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

கைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டு, அங்கே ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார். "அண்ணே, சாவி கெடச்சுருச்சு. நான் தொலைக்கலண்ணே. இந்தப் பள்ளிக்கூடத்துல வெளையாட்டுங்கிற பேருல பிள்ளையளத் திருடப் பழக்கியிருக்காக. அதையும் கேட்டுக்கங்க, அங்க இருக்க எல்லாருமே கேக்கட்டும்." பிறகு தாளாளர் பக்கம் திரும்பினார். "இந்த மண்ணுக் கூத்த இன்னைக்கே மூடுறீகளா, இல்ல நான் பேத்தியோட டி.சி.ய வாங்கிட்டுப் போகவா?"

தாளாளர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், ரிஹானாவைப் பார்த்தார். "ஆணியில மாட்டுனத பிள்ளை எடுத்துட்டு வந்தது தப்புத்தான டீச்சர்..." என்று இழுத்தார். ரிஹானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நித்யா, இங்குட்டு வா" என்றார் மீனாட்சிசுந்தரம், கைபேசியைப் பேத்தியின் வாயருகே பிடித்து. "அவ்வளவு ஒசர ஆணியில இருந்து சாவிய எப்படி எடுத்த? நாக்காலி போட்டு ஏறுனியா? பெரியவுகளுக்குச் சத்தமாச் சொல்லு."

நித்யஸ்ரீ வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

"ஆணியில ஏது ஐயா? நேத்து நீங்க போனு பேசிக்கிட்டே பூட்டாமக் கதவுலயே விட்டுட்டு வந்துட்டீக, நாந்தான் உருவிப் பையில போட்டேன். கதவு தொறந்துதான் கெடக்கு, தள்ளச் சொல்லுங்க!"