நாலுக்குத்தான் சம்மதித்தேன்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் இப்போது தங்கள் பேச்சைக் கேட்கிறது என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நான் நலமாக இல்லை.

என் மகள் சனிக்கிழமை மலையேறப் போகிறாள். பாறையில், கயிற்றில் தொங்கிக்கொண்டு. போன வாரம், கஷ்டத்துக்கு எண் போட்ட இரண்டு பாதைகளின் படத்தைக் காட்டி, "இது நாலு, இது ஆறு, எதுக்குப்பா போகட்டும்?" என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன் நான். லிஃப்டுக்கு ஒரு தகடு, தகட்டில் ஒரு எண், அதற்கு மேல் ஏறக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். "நாலுன்னா போ, ஆறு கிடையவே கிடையாது, என் பேச்சுக்கு மறுபேச்சு இல்ல!" என்று உங்கள் தங்கையின் முன்னிலையில் மேஜையைத் தட்டிச் சொன்னேன். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

இன்று பார்த்தால் தலையில் மாட்டும் விளக்கு, தூங்கும் பை என்று மூட்டை கட்டுகிறாள். "நாலுக்கு எதுக்கும்மா படுக்கை?" என்றேன். அப்போதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. எண் என்பது பாதையிலேயே கஷ்டமான ஒரே ஓர் இடத்துக்காம். முழுப் பாதைக்கும் ஆங்கில எழுத்தில் தனியாக ஒரு தரம் உண்டாம். எவ்வளவு நீளம், மேலிருந்து கல் விழுமா, எப்படி இறங்குவது, எல்லாம் அந்த எழுத்தில்தான் அடக்கமாம். "நீங்க சொன்ன நாலு பதினாறு மணி நேரம்ப்பா. பாதிக்கு மேல திரும்ப முடியாது." "அப்ப அந்த ஆறு?" "அதுவா? ரோட்டோரம், முப்பது மீட்டர். கயிறு மாட்ட நாலடிக்கு ஒரு கொக்கி. முடியலன்னா இறங்கி வந்து டீ குடிக்கலாம்." "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். "நீங்கதானே மறுபேச்சு இல்லன்னீங்க?" என்கிறாள், பாவி மகள்.

யோசித்தால் விஷயம் நியாயம்தான் மச்சான். எங்கள் வீட்டுப் பரணில் ஏறுவது எண்ணில் இரண்டு. ஆனால் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் தங்கை. பழைய சூட்கேஸ் இல்லாமல் இறங்க முடியாது. எழுத்துக் கணக்கில் அது மகா கொடூரம்.

இப்போது நானாக மாற்றிச் சொன்னால் இந்த வீட்டில் என் மானம் கப்பலேறிவிடும். சொல்லாவிட்டால் பெண்ணைப் பாறையில் விட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்? ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் வந்து, என் முடிவைத் தாங்களே எதிர்ப்பதுபோல் எதிர்த்து, அவளை அந்த ஆறுக்கு அனுப்பவும். ஒப்புக்கு நான் தங்களைத் திட்டுவேன், பொருட்படுத்த வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், முழங்காலுக்கு என் அனுதாபம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தங்கையின் கணவன்

பி.கு. நேற்று உறையை ஒட்டப் பசை தேடப் போன நேரத்தில் மகள் இதைப் படித்துவிட்டாள். அவள் அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். சிரித்து முடித்தபின், "சரி, ஆறுக்கே போறேன். ஆனா முப்பத்திரண்டு வருஷம் லிஃப்டுக்கெல்லாம் கயிறு பாத்தவர் நீங்க. கீழ நின்னு என் கயித்தையும் நீங்கதான் பிடிக்கணும்" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் உங்கள் தங்கை, "பிடிப்பார்" என்றுவிட்டாள். ஆகவே தாங்கள் வர வேண்டாம். வந்தாலும் யாரையும் தடுக்க வேண்டாம். கையுறை வாங்கியாகிவிட்டது. காலையிலிருந்து நான் அதைக் கழற்றவே இல்லை. இந்தப் பின்குறிப்பின் எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.