நடுக்கடல் ஆசிரியர்

கரையில் உட்கார்ந்தே கடலைக் கடப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையில் மாலுமித் தொப்பி, கக்கத்தில் குடை, வாயில் எந்நேரமும் ஏதாவது ஒரு காற்றின் பெயர். டீக்கடைக்குள் நுழைந்ததும் விரலை நாக்கில் நனைத்து உயர்த்திப் பிடித்து, "கச்சான் காத்து திரும்புது" என்பார். கடைக்காரர் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருப்பார்.

அக்காள்மடத்துச் சந்தியாகு இந்த இனத்தின் தலைமகன். சுதந்திரம் வந்த கையோடு 'நடுக்கடல்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். ஆசிரியரும் அவரே, பாய்மரப் பயணக் கட்டுரை எழுதுகிறவரும் அவரே, அந்தக் கட்டுரையைப் புகழ்ந்து 'கடலன்பன்' என்ற பெயரில் கடிதம் போடுகிற வாசகரும் அவரே. சந்தா கட்டியவர்கள் பரமக்குடி, மானாமதுரைப் பக்கத்து வாத்தியார்கள். கண்மாயைத் தாண்டித் தண்ணீர் கண்டறியாத புண்ணியவான்கள். புதுமடத்திலிருந்து, தலை நரைக்கத் தோணி ஓட்டிய ஒருவர் கட்டுரை எழுதி அனுப்பினார். "அனுபவம் போதாது" என்று திருப்பி அனுப்பினார் ஆசிரியர்.

இவருடைய அனுபவம் என்ன? ஒரே ஒரு பயணம்.

பெண்டாட்டி லீமாரோஸ் அவருக்குத் தாய்மாமன் மகள். அவளுடைய அண்ணன் சூசைமுத்து, ஏர்வாடி உம்மு ஹபீபாவின் தோணிக்குத் தண்டல்; சுக்கான் பிடித்து ஆட்களை நடத்துகிற தலைவர். யாழ்ப்பாணத்துக்கு ஓடு ஏற்றிப் போனபோது, தங்கச்சி மாப்பிள்ளை ஆசைப்படுகிறாரே என்று கூட்டிப்போனார். பாம்பன் தாண்டியதும் காற்று முற்றியது. ஆசிரியர் வாந்தியெடுத்தபடி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உருண்டார். கடலில் விழுந்து தொலைக்காமலிருக்க, பழைய பாய்த்துணியில் சுருட்டிப் பாய்மரத்தடியில் கட்டிப்போட்டார்கள்.

அந்த மூட்டைக்குள்ளிருந்து எத்தனை கட்டுரைகள் பிறந்தன! முதல் வருஷக் கட்டுரையில் அவரைக் கட்டினார்கள். மறுவருஷம், புயலின் அழகை நேருக்கு நேர் காண்பதற்காக அவரே கட்டிக்கொண்டார். பிறகு அலை பனைமர உயரம் எழுந்தது, பாய் கிழிந்தது, சுறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. கடைசியாக வந்த ஆண்டுமலரில், தண்டல் சுக்கானைக் கைவிட்டு அந்தோணியாரைக் கூவி அழ, நம் ஆசிரியர் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து சுக்கானைப் பிடித்துப் பத்து உயிரைக் கரை சேர்த்தார்.

யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். ஆனால் உம்மு ஹபீபாவுக்கு மருமகள் வாசித்துக் காட்டிவிட்டாள். புருஷன் போனபின் அந்த அம்மாளுக்கு இருந்ததே அந்தத் தோணி ஒன்றுதான். அழுகிற ஆளை நம்பி யார் அதைக் கடலில் விடுவார்கள்? சூசைமுத்துவைக் கரையில் நிறுத்திவிட்டார்.

லீமாரோஸ் அச்சுக்கூடத்துக்கே வந்து நின்றாள்.

"எங்கண்ணன் அழுதாராக்கும்?"

"அது இலக்கியம், ரோசு. ஒனக்குப் புரியாது."

"ஒங்க இலக்கியத்தால அண்ணன் வீட்டுல ஒலை ஏறல. கெளம்புங்க ஏர்வாடிக்கு. மூட்டையாக் கெடந்தது நாந்தான்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

போனார்கள். வாய் திறக்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாங்க தம்பி. ஒங்களுக்குத்தான் ஆள் விட இருந்தேன். தோணி சும்மாக் கெடக்கு. வெள்ளிக்கெழம ஜும்ஆ கழிச்சு நீங்களே சுக்கானைப் பிடிச்சுக் கொழும்புக்கு எடுத்துட்டுப் போங்க."

ஆசிரியர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றியது. தொப்பியைக் கழற்றினார். உண்மை வரப்போகிறது என்று லீமாரோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் கடலுக்குப் போயிட்டா, என் பத்திரிகைய நம்பியிருக்க சனங்க கதி என்னாகும்? அன்னைக்கு அழுத மச்சானை, நானே பக்கத்துல ஒக்கார வச்சுப் பழக்கியிருக்கேன். இப்ப அவரு கை, என் கை. அவருகிட்டயே குடுங்க."

"நீங்க பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

லீமாரோஸ் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"என்ன மவளே?"

உண்மையைச் சொன்னால், அண்ணனுக்காகத் தங்கச்சி புளுகுகிறாள் என்பார் அந்த அம்மாள். அச்சில் ஏறியதை அழிக்க இவள் வாய் போதுமா? கைக்கு வந்த சுக்கானும் போய்விட்டால்?

"ஒண்ணுமில்லம்மா. எங்கண்ணன்... நல்லாப் பழகிட்டாரு."

சூசைமுத்து கொழும்பு போய்த் திரும்புவதற்குள் 'நான் உருவாக்கிய தண்டல்' தொடர் ஆரம்பமாகிவிட்டது. வந்தவர் தங்கச்சியிடம் கேட்டார்: "ஏத்தா, ஒம்புருசன் எனக்கு நீச்சல் எப்பப் பழக்குறாரு?"

"அடுத்த மாசம் வருதுண்ணே" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

என்ன, சிரிக்கிறீர்களா? போன மாதக் கல்யாணப் பந்தியில், உங்கள் சித்தப்பா மகன் திருடனை விரட்டிய கதையைச் சொன்னீர்களே, நானும் அடுத்த இலையில்தான் இருந்தேன். சாம்பார் வரும்போது நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தீர்கள். ரசம் வருவதற்குள் திருடனின் கழுத்து உங்கள் கையில் இருந்தது.