ஆவிமங்கலத்தார் டவுன் பஸ்ஸுக்குப் படை திரட்டிய படலம்

வாழ்க நடராசன்! ஆவிமங்கலத்து ஆண்டகை, ஐந்து ஏக்கர் மல்லாட்டை என்னும் வேர்க்கடலைக்கு அதிபதி, பிரேக் பிடிக்காத சைக்கிளைப் புரவியாய்க் கொண்ட பெருவீரன், முப்பத்து நான்கு ஆவணி கண்டும் ஒரு மாலை காணாத தடந்தோளன், வாழ்க, வாழ்க! மண்ணாசையால் போர் தொடுத்தோர் உண்டு, பொன்னாசையால் தொடுத்தோரும் உண்டு. எங்கள் நடராசன் ஒரு டவுன் பஸ்ஸுக்காகத் தொடுத்தான்.

போரின் மூலம் யாதெனில், பெண். திண்டிவனத்துச் சுப்பராயலு என்பார் தம் திருமகள் தையல்நாயகியை எங்கள் வீரனுக்குக் காட்டினார். அவள் கேசரித் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் நடராசன் செத்தான். ஜாதகமும் பொருந்திவிட, மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்டார் சுப்பராயலு. நெடுஞ்சாலைக் கூட்டு ரோட்டில் இறங்கி, ஆவிமங்கலம் எங்கே என்று வினவியவருக்கு இரண்டரை மைல் தூரத்தைக் கைகாட்டினார்கள். வெயில் மண்டையைப் பிளக்க, செருப்பு வார் அறுந்து கையில் தொங்க, வந்து சேர்ந்த அம்மனிதர் மோரைக் கையால் தொடாமல் ஒரு பிரகடனம் செய்தார்.

"மாப்ள தங்கமான ஆளுதாங்க, நான் இல்லன்னு சொல்லல. பஸ்ஸு வராத ஊருக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நாள் கெழமைன்னா நான் எப்டி வந்து பாத்துக்கினு போறது? தைக்குள்ள பஸ்ஸு வரட்டும், தட்டு மாத்திக்கலாம்."

விதி அவ்வமயம் பஸ் ஏறி வந்தது. எண்பத்து நான்காம் ஆண்டு அது. விழுப்புரமும் திண்டிவனமும் மழைக்கு ஊறிய அப்பளம் போல் நாலாபுறமும் பெருத்துக்கொண்டிருந்தமையால், இரு வட்டத்து அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே தட்டுப் பக்கோடாவைப் பகிர்ந்துண்டு, புதிய வழித்தடங்களுக்குத் திட்டம் தீட்டினர். பங்கிட்டதில் மிஞ்சியது ஒரு பஸ். கூட்டு ரோட்டிற்குக் கிழக்கே ஆவிமங்கலம், மேற்கே பகையூராகிய தாதம்பட்டு. பஸ் பிடிக்க எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்று மூன்று நாள் எண்ணுவது, அதிகமுள்ள ஊருக்குள் பஸ்ஸை விடுவது என்று முடிவாயிற்று.

எண்ணும் பெரும்பணியை ஏற்று வந்தவர் குமாஸ்தா சவுரிராயன். கோபமே அறியாத சாந்த சொரூபி. கூட்டு ரோட்டில் விருத்தாசலம் என்பவனின் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, நோட்டை விரித்து, வருவோர் ஒவ்வொருவருக்கும் ஊர்வாரியாக ஒரு கோடு கிழித்தார். விருத்தாசலம் ஒரு தனிக்கட்டை. இரண்டு ஊரிலும் சேராதவன் என்பதால் அவனுக்கு எந்தப் பக்கத்திலும் கோடு விழவில்லை. அவன் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் மாலை கணக்கு வந்தது: தாதம்பட்டு ஐம்பத்தெட்டு, ஆவிமங்கலம் நாற்பத்தொன்று. கேட்டதும் நடராசனின் கண் சிவந்தது. மீசையும் துடித்திருக்கும், இருந்தால். ஊர் நடுவே நின்று முழங்கினான்: "நாளைக்கு ஒரு ஆளு வூட்ல இருக்கக் கூடாது. பஸ்ஸு ஏற வேணாம், கூட்டு ரோட்டாண்ட வந்து நின்னுட்டுப் போனா போதும்."

மறுநாள் எழுந்ததையா ஆவிமங்கலத்துப் பெருஞ்சேனை! மல்லாட்டை பிடுங்கிய கையோடு மகளிர் படை, வெற்றிலை மென்ற வாயோடு முதியோர் படை, பின்னே புழுதி. ஆனால் மேற்றிசையிலோ மேளம் கேட்டது. தாதம்பட்டுத் தலைவர் தேவநாதனும் சும்மா இருக்கும் ஆசாமியா என்ன? கோயில் மேளத்தோடு அவரும் ஊரையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றும் நாம்தான் தோற்றோம்.

மூன்றாம் நாள் அறத்தைக் கட்டிவைத்துவிட்டு நடராசன் வியூகம் வகுத்தான். கோடு வாங்கியவர்கள் புளியந்தோப்பின் பின்னே நழுவி, ஏரிக்கரை வழியே சுற்றி, மறுபடியும் புதுமுகமாய் வந்தனர். வீரம்மாள் என்னும் மூதாட்டி, கூடையில் ஒரு கோழியோடு நான்கு முறை வந்தாள். மூன்றாம் முறை புடவையை மாற்றியிருந்தாள், கோழியை மாற்றவில்லை. நான்காம் முறை சவுரிராயனே கோழியை நலம் விசாரித்தார். தாதம்பட்டாரும் அவ்வாறே சுற்றியமையால் தோப்புக்குப் பின்னே இரு சேனைகளும் முட்டிக்கொண்டு, வெட்கப்பட்டு, வழிவிட்டுக்கொண்டன. பொழுது சாயும் வேளையில், மூன்று நாள் கணக்கையும் கூட்டினால் இரு ஊரும் சமம். அப்போது, வில்லெடுத்தானில்லை, வேலெடுத்தானில்லை, தன் தாயின் முக்காட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, ஏழாம் முறையாய் நொண்டி நொண்டி வந்தான் நடராசன். விழுந்தது கோடு! ஆவிமங்கலம் அறுநூற்றுப் பதினொன்று, தாதம்பட்டு அறுநூற்றுப் பத்து. தேங்காய் உடைந்தது, விசில் பறந்தது, பெரிய மனிதர்கள் கூட ஆடினார்கள். நடராசன் அழுதேவிட்டான்.

சவுரிராயன் நோட்டை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு ஊருக்காரங்களும் ரெண்டரை மைலு, ஒரு நாளைக்கு நாலு தரம், பாட்டிங்க மொதக்கொண்டு, மேளம் வெச்சிக்கினு நடக்கறீங்க. இம்மாம் கால் வலு இருக்கறவங்களுக்கு உள்ள எதுக்குங்க பஸ்ஸு? கூட்டம் பூரா இங்கதான் நிக்குது. அதத்தான் எழுதப் போறேன்."

எழுதினார். மேலிடமும் ஒப்பியது. தை பிறக்குமுன், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் கூட்டு ரோட்டில் நிற்க ஆணை பிறந்து, டீக்கடையை ஒட்டிச் சிமெண்டு நிழற்குடையும் எழுந்தது. சொன்ன சொல் தவறாத சுப்பராயலு, பஸ் வந்ததா என்று பார்க்கத் திண்டிவனத்தில் ஏறினார். இறங்கிய இடத்திலேயே ஒரு டீக்கடை, கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு, கடைக்காரனோ கெட்ட பழக்கம் ஒன்றுமில்லாதவன். இரண்டு டீ குடித்தார். ஆவிமங்கலம் வரை நடக்கவில்லை.

இப்போது அந்தக் கடைக் கல்லாவில் தையல்நாயகி உட்கார்ந்திருக்கிறாள். நடராசன் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போகிறான்.