மயில் கேட்டுக்காக நான் போட்ட சண்டை

கோபப்படுவதற்குக் கொஞ்சமும் ஒத்துவராத பேச்சு எங்கள் கோயமுத்தூர்ப் பேச்சு. "நீங்க ஒரு திருடனுங்க" என்று திட்டினால் எதிராளிக்குச் சுடாது, குளிர்ந்துதான் போகும். இந்தக் குறையோடுதான் நானும் இத்தனை வருடமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். (கோபத்தில் குறை வைத்ததில்லை.) அதில் ஆகப் பெரிய கோபம் ஒரு மயிலால் வந்தது.

கணபதியில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. கேட்டு, கிராதி, ஜன்னல் எல்லாம் செய்கிறோம். தகட்டில் பூவேலை வெட்டுவதற்காக ஒரு பிளாஸ்மா மெஷின் வாங்கிப் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், மேசைமேல் நகர்ந்து நகர்ந்து நெருப்பாலேயே வெட்டித் தரும். அந்த நெருப்பு வெளியே வரும் மூக்கில் இரண்டு சின்னச் செப்பு உருப்படிகள் உண்டு. உள்ளே எலக்ட்ரோடு, அதன்மேல் தொப்பி மாதிரி நாசில். நாசிலின் நுனியில் பொடி ஓட்டை ஒன்று. அது வட்டமாக இருக்கும்வரை வெட்டு கத்தி போட்டதுபோல விழும். கோணிவிட்டால் இரண்டையும் சேர்த்துக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே இதைப் பாடம் எடுத்துவிடுவேன். "மாட்டறதுக்கு முன்னால ஓட்டையப் பாருங்க." (சொல்லும்போது முகத்தில் ஒரு பேராசிரியர் களை வந்துவிடும்.)

பல்லடத்திலிருந்து கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். புது வீட்டுக்கு இரட்டைக் கதவு கேட்டு வேண்டும், கதவுக்கு ஒரு மயில், ஒன்றையொன்று பார்த்தாற்போல. கிரகப்பிரவேசம் அந்த வாரக் கடைசியில். கேட்டு பிடித்துப்போனால் தம்பிகள் இருவர் வீட்டு வேலையும் எனக்குத்தான் என்றார். நான் அப்போதே மூன்று வீட்டு கேட்டும் என்னுடையது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

தகட்டில் மயில் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் இடைவெளிதான் மயில். பாக்கெட்டிலிருந்து புது நாசிலும் எலக்ட்ரோடும் எடுத்து மாட்டி மெஷினை ஓட விட்டேன். நெருப்பு சீறிக்கொண்டு அகலமாகப் பரவியது. மெல்லிய இறகுகளுக்கு நடுவே நிற்க வேண்டிய இரும்பையெல்லாம் தின்றது. தோகை மொத்தமும் ஒரே பொத்தலாகப் போனது. கழுத்து தடித்தது. அடியில் கசடு கட்டியது. இன்னொரு பாக்கெட் பிரித்து மாற்றினேன், இன்னும் மோசம். கம்ப்ரஸரில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று வடித்துவிட்டு அதைத் திட்டினேன். கரண்டைத் திட்டினேன். தகடு விற்றவனைத் திட்டினேன். மறுபடி ஒரு பாக்கெட் பிரித்தேன். ஒரு தடவைகூட ஓட்டையைப் பார்க்கவில்லை. புதுசில் என்ன பார்ப்பது?

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் மனைவியோடு வந்து நின்றார். இரண்டு கதவையும் வெகுநேரம் பார்த்தார். மயிலின் கொண்டைக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துபோய்ச் சேவல் கொண்டை மாதிரி நின்றது.

"ஏனுங்க அம்மணி, நாளெல்லாம் கோழி மூஞ்சிலதான் முழிக்கறேனுங்க. ஊட்டு வாசல்லயுமா?"

இடப்பக்கம் இருப்பது அடைகாக்கிறதா என்று அவர் மனைவி விசாரித்தார். கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அம்மாள் நிஜமாகவே கேட்டார்.

புது கேட்டு வெட்டித் தருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். நாசில் வாங்கியது உக்கடத்தில் பஷீர் பாய் கடையில். பழசைப் புதுசென்று தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் ஒத்தாசையாக இருந்தார். (கூட்டுவார், துடைப்பார், டீ வாங்கி வருவார்.) அவரும், பாய் ஏமாற்றித்தான் விட்டாராட்ட இருக்குது என்று தூபம் போட்டார். இரண்டு பேரும் வண்டியில் ஏறினோம்.

கடையில் நல்ல கூட்டம். பாய் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மூன்று நாசிலையும் மேசைமேல் உருட்டிவிட்டுக் கத்தினேன்.

"பழச வித்துப்போட்டீங்களேங்க பாய். இது நியாயமுங்களா? நாசமாப் போயிருவீங்க!"

பக்கத்தில் என் வீட்டுக்காரர், நம்பி வாங்குகிறவர்களுக்கு இப்படியா செய்வது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

பாய் கோபப்படவில்லை. ஒரு நாசிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் கொண்டுபோனார்.

"இதுல புளி வாசம் அடிக்குதேம்மா" என்றார்.

பக்கத்தில் நின்றவர் வாங்கி மோந்து பார்த்து, ஆமாம் என்றார். அது கை மாறி மாறிக் கடை முழுக்கப் போனது. ஒருவர் ரசம் என்றுகூடச் சொன்னார். பாய் ஒரு குண்டூசியால் இன்னொரு நாசிலின் உள்ளிருந்து புளி நார் ஒன்றை இழுத்து மேசைமேல் வைத்தார். அப்போதுதான் நான் ஓட்டையைப் பார்த்தேன். முட்டை வடிவத்தில் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பாவுல கறுத்துப்போய்க் கெடந்துச்சு, கண்ணு. வீணாப் போகுதேன்னு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் புளி போட்டு வெளக்கி, காலி பாக்கெட்டுல போட்டு வெச்சேன்." மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி, "பளபளன்னு வந்துச்சல்லோ?" என்றார்.

பழைய செப்புக் கடைக்குப் போட வைத்திருந்த தேய்ந்த உருப்படிகள் அவை. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். அதைவிட ஆத்திரம், அந்த முகம் பாராட்டை எதிர்பார்த்தது. எதிரே பாய், சுற்றிலும் பாதிக் கோயமுத்தூர். ஏற்றிக்கொண்டு வந்த கோபத்தை இறக்க இடமில்லை. "மன்னிச்சுப்போடுங்க பாய்!" என்றேன். அது வெளியே வந்த வேகத்தில் மனிதர் ஓரடி பின்னால் போனார். எத்தனை ஆம்பியருக்கு வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். அதையும் கத்தித்தான் சொன்னேன். புது ஜோடியை, நாலு பேர் பார்க்க, ஓட்டையைப் பார்த்து வாங்கினேன்.

மயில் அப்புறம் மயிலாகவே வந்தது. கேட்டும் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஆனால் கோழிக் கதை காதுக்கு எட்டி, பண்ணைக்காரரின் தம்பிகள் இருவரும் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் பல்லடம் பக்கம் போனால், அந்த இரண்டு வீட்டு வாசலைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேய்ந்த நாசிலை இப்போதெல்லாம் கழற்றிய கையோடு சுத்தியலால் அடித்து நசுக்கிவிடுகிறேன். (அடிக்கும்போது யாரை நினைத்துக்கொள்கிறேன் என்பது பட்டறைக்கே தெரியும்.)

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஈ.பி. ஆபீசோ கேஸ் ஏஜென்சியோ, நான் சண்டைக்குக் கிளம்பினால் போதும், வீட்டில் யாராவது ஒருத்தர் குரல் கொடுப்பார்: "மோந்து பாத்துட்டீங்களா?" மகள் சொல்வாள். நாத்தனார் போனில் சொல்வாள். பொறுத்துக்கொள்வேன்.

போன மாதம் தண்ணி லாரிக்காரர் எங்கள் வீதியை விட்டுவிட்டுப் போனதற்கு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளிருந்து அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை கேட்டவர், என் வீட்டுக்காரரேதான். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனேன். லாரிக்காரரிடம் போட வேண்டிய சண்டையை வீட்டிலேயே போட்டு முடித்தேன்.