தொண்ணூற்றெட்டு சதவீதக் கூடு

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. புதுப் புதுத் துறைகளுக்கு இடம் பிடித்துப் பிடித்து அது வளர்ந்த வேகத்தில், கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் காடு இருந்தது என்று சொல்லவேண்டிய நிலைமை வந்துவிட்டது. எப்படிச் சொன்னாலும் கதை ஒன்றுதான்.

அங்கே கூடு கட்டும் கலையில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான் செங்கோடன் என்கிற தூக்கணாங்குருவி. அவன் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் குருவி அவன்தான். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரும் படிக்காமலேயே கூடு கட்டிக் காலத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது அந்தப் பருப்பு வேகாது. ஏரிக்கரைப் பனைமரத்தில் ஓர் ஓலை ஒதுக்கித் தர வேண்டுமென்றால் பட்டச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஓலை இருந்தால்தான் கூடு, கூடு இருந்தால்தான் கல்யாணம். தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அப்படி. மாப்பிள்ளை கூட்டைக் கட்டி வைத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருப்பார். பெண் வந்து உள்ளே நுழைந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடித்தால் தங்குவாள். பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவாள். வடிவு என்ற பெண் முதல் மழை விழுந்ததும் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளை நினைத்தாலே செங்கோடனுக்குச் சிறகு சொன்ன பேச்சைக் கேட்காது. மழைக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

இறுதி ஆண்டுப் புராஜெக்ட் ஒரு கூடு. செங்கோடன் ஐந்நூறு நார் கிழித்து, பின்னிப் பின்னி அலகு வீங்கிப்போய், சுரைக்குடுக்கை போல அழகாக ஒன்றைக் கட்டிக்கொண்டுபோய் வைத்தான். அதற்கு முந்தின வருஷம்தான் பல்கலைக்கழகம் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் எந்திரம் ஒன்றை வாங்கியிருந்தது. கூட்டை உள்ளே தள்ளினால், காட்டில் இதுவரை கட்டப்பட்ட மற்ற எல்லாக் கூடுகளோடும் ஒப்பிட்டு ஒரு கணக்கைத் துப்பும். செங்கோடன் கூட்டை முழுங்கிய எந்திரம் மூன்று முறை அலறி, சிவப்பு விளக்கைப் போட்டு, தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றது.

மறுநாளே நோட்டீஸ் வந்தது. அதில், 'தேர்வு அறையில் உமது வாலுக்கு அடியில் வாழை இலைத் துண்டுகளை ஒளித்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டதால்' என்று எழுதியிருந்தது. பெயர் இருந்த இடத்தில் ஒரு குரங்கின் பெயரை அடித்துவிட்டு மேலே செங்கோடன் என்று எழுதியிருந்தார்கள்.

செங்கோடன் அலுவலகத்துக்குப் பறந்தான். அங்கே பிரிவு எழுத்தராக ஓர் ஆமை இருந்தார்.

"ஐயா, இது என் நோட்டீஸ் இல்லீங்க. எனக்கு ஒளிச்சு வைக்கிற அளவுக்கு வாலே இல்லீங்க."

"தம்பி, முப்பது வருஷமா இந்த ஒரே நோட்டீஸைத்தான் பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பிக்கிட்டு இருக்கோம். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. விளக்கக் கடிதம் கொண்டாந்தீங்களா?"

செங்கோடன் ஆறு ஆலிலை நிறைய மனசைக் கொட்டி எழுதியிருந்தான். ஆமை முதல் இலையைப் படித்ததும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெளியே வர கால் மணி நேரம் ஆனது.

"என்ன தம்பி, சொந்தமா எழுதிக் கொண்டாந்திருக்கீங்க! இதையெல்லாம் கமிட்டி ஏத்துக்காது. இந்தாங்க மாதிரிக் கடிதம். ஒரு எழுத்து மாறாம இதைப் பார்த்து அப்படியே எழுதிக் குடுங்க."

காப்பியடித்த குற்றத்துக்கான விளக்கத்தைச் செங்கோடன் உட்கார்ந்து காப்பியடித்தான். அவன் படிப்பு வாழ்க்கையில் அதுதான் முதல் காப்பி.

விசாரணைக் கமிட்டியில் இரண்டு பேர். ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி உடும்பு. பிடித்தால் விடமாட்டார், அதற்காகவே அந்தப் பதவி. மற்றவர் சுயசிந்தனைத் துறையின் தலைவர், பேராசிரியர் கிளி. பட்டம் வாங்கிய நாளில் எழுதிய அதே நோட்ஸை இன்றுவரை ஏற்ற இறக்கம் மாறாமல் வகுப்பில் ஒப்பிக்கிறவர்.

"உங்க கூடு உங்க அப்பா கூடு மாதிரியே இருக்கு. தாத்தா கூடு மாதிரியும் இருக்கு. என்ன சொல்றீங்க?" என்றார் உடும்பு.

"என்ன சொல்றீங்க?" என்றார் கிளி.

"ஐயா, நாங்க தூக்கணாங்குருவிங்க. எங்களுக்கு இப்படித்தான் கட்ட வரும். நாரைக் கையில எடுத்தா அலகு தானா போகுதுங்க."

உடும்பு நிமிர்ந்தார். "அப்போ மூணு வருஷமா நாங்க சொல்லிக் குடுத்ததால வரல?"

கூடு கட்டும் கலையை மூன்று வருஷம் அவனுக்கு நடத்தியது ஒரு எருமை.

"சரி, மிச்சம் ரெண்டு சதவீதம் எப்படி வித்தியாசமா வந்துச்சு?"

"அது... வாசல் கொஞ்சம் கோணிப்போச்சுங்க. தப்பு நடந்துபோச்சு."

"குறிச்சுக்குங்க பேராசிரியரே. அந்தத் தப்பு ஒண்ணுதான் இவரோட சொந்தச் சரக்கு."

"சொந்தச் சரக்கு," என்று கிளி குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு: இரண்டு மழைக்காலத்துக்குத் தேர்வெழுதத் தடை. அல்லது, கருணை அடிப்படையில், ஒரு வாரத்துக்குள் எந்தக் கூட்டோடும் ஒப்புமை இல்லாத புதுக் கூடு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். இரண்டு மழை! அதற்குள் வடிவுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துவிடும்.

அவன் சதுரமாகக் கட்ட உட்கார்ந்தான். முடித்துப் பார்த்தால் சுரைக்குடுக்கை. கண்ணை மூடிக்கொண்டு கட்டினான். சுரைக்குடுக்கை. தலைகீழாகத் தொங்கி, எருமை வகுப்பில் எடுத்த குறிப்புகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கட்டினான். வெட்கமே இல்லாமல் அதுவும் சுரைக்குடுக்கையாகத்தான் வந்து தொங்கியது, அதுவும் முன்னைவிட அழகாக. அவன் அதைப் பார்த்து ஓவென்று அழுதான்.

விதிப்படி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் கல்வி நேர்மைத் தூதுவரிடம் ஒரு மணி நேரம் அறிவுரை கேட்க வேண்டும். அந்த வருஷத் தூதுவர் மோகனா என்ற குயில். போன வருஷம் அதே படிப்பில் தங்கப்பதக்கம். அவள் கூட்டுக்கு எந்திரம் பூஜ்யம் சதவீதம் கொடுத்துவிட்டுப் பச்சை விளக்கில் பாட்டே பாடியதாம்.

"அக்கா, குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நீங்க எப்படிக்கா?"

"கட்டத் தெரியாதுதான். யாரு கட்டினா? அது காக்கா கூடு." மோகனா இறகைக் கோதிக்கொண்டாள். "நான் பெத்த பிள்ளையவே அவங்க வீட்டுல விட்டுட்டு வந்தவ. ஒரு புராஜெக்டை எடுத்துட்டு வர எனக்கென்ன கூச்சம்?"

"எந்திரம் கண்டுபிடிக்கலையா?"

"எப்படிக் கண்டுபிடிக்கும்? காக்கா கூட்டைப் பாத்திருக்கல்ல? கம்பி, செருப்பு வாரு, உடைஞ்ச சீப்பு, கொட்டாங்கச்சி. கட்டின காக்காவாலயே அதே மாதிரி இன்னொண்ணைக் கட்ட முடியாது. அப்புறம் ஒப்புமை எங்கேருந்து வரும்? உன் தப்பு என்ன தெரியுமா தம்பி? உன் கூட்டை நீயே கட்டினது."

செங்கோடனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருட்டு என்றால் திருட்டுத்தானே. ஆனால் வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் இரண்டு தரம் வேண்டாம் என்றான், மூன்றாவது தரம் எந்த மரம் என்று கேட்டான்.

வேப்பமரத்தில் காக்கா கைவிட்டுப்போன ஒரு பழைய கூடு இருந்தது. பட்டப்பகலில் இருவரும் அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நல்லா படிக்கிற பிள்ளைகள் என்று வாழ்த்தினார்கள். பல்கலைக்கழக வாசலில் உடும்பே ஓடிவந்து ஒரு பக்கம் கை கொடுத்தார். "பாத்து, பாத்து, புராஜெக்ட் உதிர்ந்துடப் போகுது!"

எந்திரம் பூஜ்யம் என்றது. பச்சை விளக்கு எரிந்தது. உடும்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளி அந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, வாழ்நாளில் முதல்முறையாக யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொந்தமாகச் சொன்னார்: "இதுக்கு வாசல் எங்கே?"

"அதுதான் சார் சுயசிந்தனை," என்றாள் மோகனா.

கூட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். செங்கோடனுக்குக் கெட்டி அட்டையில் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று மாலையே ஓலை ஒதுக்கீடும் ஆனது. அவன் பனையில் ஏறி உட்கார்ந்து, இரண்டே நாளில், அலகு போன போக்கில் தன் கூட்டைக் கட்டி முடித்தான். கட்டும்போது சிரித்துக்கொண்டே கட்டினான். யாரும் ஒப்பிடப் போவதில்லை என்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை.

முதல் தூறல் விழுந்தது. வடிவு வந்தாள். நாரை இழுத்தாள், உள்ளே போனாள், புரண்டு பார்த்தாள்.

"அப்படியே எங்க அப்பா கட்டின கூடு மாதிரியே இருக்குங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. செங்கோடன் ஓலையிலிருந்து விழப் பார்த்தான்.

பிறகு அவள் வாசலில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தாள். படித்தாள். 'இதுவரை எவரும் கட்டாத கூட்டைக் கட்டியமைக்காக முதல் வகுப்பு.' முகம் வெளுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"நான் போறேங்க. எங்க அக்காவை இப்படித்தான் ஒரு பட்டதாரிக்குக் கட்டிக்குடுத்தோம். புதுசா யோசிக்கிறேன்னு வாசலை மேல வச்சான். மொத மழைக்கே கூடு குளமாயிடுச்சு. நாளைக்கு எனக்கு முட்டை வந்தா, அப்பவும் நீங்க புதுசா யோசிப்பீங்க."

"ஐயோ, நான் யோசிக்கலைங்க!" செங்கோடன் கத்தினான். கமிட்டி முன்னால் வராத பேச்சு இப்போது மடைதிறந்து வந்தது. "சத்தியமா நான் யோசிச்சதே இல்லைங்க! அந்தப் பட்டம் காக்கா கூட்டுக்குக் குடுத்தது. நான் திருடிக் கொண்டுபோய் வச்சேன். இந்தக் கூடு மட்டும்தான் நான் கட்டினது. இதுல புதுசா ஒண்ணுமே இல்லைங்க, எல்லாமே எங்க அப்பன் பாட்டன் கட்டினதுதாங்க!"

வடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திருடினேன்னு வாய்விட்டு ஒத்துக்கிறீங்க. அப்போ கட்டினதா சொல்றதையும் நம்பலாம்," என்றாள். சான்றிதழைக் கொத்தி இறக்கினாள். "ஓலைதான் கைக்கு வந்தாச்சே, இனி இது எதுக்கு? கெட்டி அட்டையா இருக்கு. மேற்கால காத்து வருது பாருங்க, அந்தப் பக்கம் அடைச்சுடலாம்."

இருவரும் சேர்ந்து முதல் வகுப்பை மெல்லிசாகக் கிழித்து, மேற்குச் சுவரில் நெருக்கிச் சொருகினார்கள். மழை வலுத்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

நீதி: குழந்தைகளே, சொந்தமாகச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். திருடித்தான் தீரவேண்டும் என்றால், இதுவரை யாருக்குமே திருடத் தோன்றாத அளவுக்கு மட்டமான ஒன்றாகப் பார்த்துத் திருடுங்கள்.